சிஸ்டத்தில் இருக்கு, ரேக்கில் இல்லை

டேட்டன், ஒஹாயோ

அமெரிக்காவில் மகளைக் கட்டிக்கொடுத்தவர்களை நயாகராவுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது மாப்பிள்ளைகளின் எழுதாத கடமை. டேட்டன் நகருக்கு வந்து சேர்ந்த விருதுநகர் மளிகைக் கடைக்காரருக்கும் அந்த ஏற்பாடுதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு தேங்காய்ப்பால் டப்பா அதைக் கெடுத்தது.

பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் 6 டப்பா இருப்பதாக மகளின் போன் சொன்னது. போய்ப் பார்த்தால் விலைச்சீட்டு மட்டும் இருந்தது, அதற்குப் பின்னால் வெறும் தகரம். ஏப்ரன் கட்டிய பையன் ஒருவன் கைக்கருவியை அந்தச் சீட்டின் மேல் காட்டினான். அவன் திரையும் 6 என்றது. உள்ளே போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து, மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான். மகளுக்கு எரிச்சல். அப்பாவுக்கோ முகமெல்லாம் பிரகாசம்.

"சிஸ்டத்துல இருக்கு, ரேக்குல இல்ல. இங்கயும் அதே கூத்துதானா மாப்பிள்ளை?"

தெப்பத்தை ஒட்டிய தெருவில் அவருடைய கடை. அப்பா காலத்தில் சிட்டையும் பேரேடும். இவர் காலத்தில் பில்லிங் மெஷின், பார்கோடு, மாதாமாதம் சாஃப்ட்வேர்க்காரருக்குச் சந்தா. வருஷக் கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்டாக் எடுக்கும்போது கம்ப்யூட்டர் ஒன்று சொல்லும், ரேக் ஒன்று சொல்லும். பையன்கள் சரியில்லை, எலி, எக்ஸ்பைரி என்று அவரும் பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறார். அமெரிக்காவிலும் இது உண்டு என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

ஆறுதலுக்கு ஆதாரமும் உண்டு. நிக்கோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளை எடுத்து, கணக்கையும் ரேக்கையும் ஒப்பிட்டார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில் 65 சதவீதப் பதிவுகள் தப்பு. நூற்றுக்கு அறுபத்தைந்து!

தப்பு எங்கே நுழைகிறது என்பதைக் கடைக்காரர் அன்றே பில் போடும் இடத்தில் நின்று கண்டுபிடித்துவிட்டார். ஒரு பாட்டி எட்டுக் கிண்ணம் தயிர் வாங்கியிருந்தார். நாலு ஸ்ட்ராபெர்ரி, நாலு பீச். விலை ஒன்றுதான். கவுன்டரில் இருந்த பெண் ஒரு கிண்ணத்தை மட்டும் ஸ்கேன் செய்து, எட்டு என்று தட்டினார். பாட்டிக்கு நஷ்டமில்லை, கல்லாவுக்கும் நஷ்டமில்லை. ஆனால் கணக்கில் எட்டு ஸ்ட்ராபெர்ரி போய்விட்டது, விற்றுப்போன பீச் நாலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. தானாக ஆர்டர் போடும் சிஸ்டம் ஸ்ட்ராபெர்ரியை அவசியமில்லாமல் வரவழைக்கும், பீச்சைத் தொடாது. பீச் தீர்ந்த பிறகு விற்பனை பூஜ்யமாகும். அதைப் பார்த்துவிட்டு "இது ஓடாத சரக்கு" என்று சிஸ்டமே முடிவுகட்டும்.

"நம்ம கடைப் பையன் செல்வமும் இதைத்தான் செய்றான். பிஸ்கட்ல," என்றார்.

மறுநாள் நயாகரா பேச்சை யாரும் எடுக்கவில்லை. சரக்குக் கணக்கின் கதையைத் தேடிப் போவதென்றால் டேட்டனிலேயே ஆரம்பிக்கலாம் என்றார் மாப்பிள்ளை. ஊர் ரைட் சகோதரர்களுடையது. கரில்லான் பூங்காவில் அவர்களுடைய 1905ஆம் வருஷ விமானம் நிற்கிறது. கடைக்காரர் அதைத் தாண்டிப்போய் நின்றது பித்தளைக் கல்லாப்பெட்டிகள் முன்னால். டேட்டனில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, வேலையாட்கள் காசு எடுப்பது தாங்காமல், கப்பலில் உந்துவிசிறியின் சுற்றுகளை எண்ணும் கருவியைப் பார்த்து யோசனை பிறந்து, 1879இல் செய்த இயந்திரத்தின் வம்சம் அது. "லஞ்சம் வாங்காத காசாளர்" என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார். 1884இல் ஜான் பேட்டர்சன் அந்தத் தொழிலை வாங்கி என்சிஆர் நிறுவனம் ஆக்கினார். பூவேலை செய்த ஒரு பெட்டியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது காசைத்தான் எண்ணுது. சரக்கை எண்ணலியே" என்றார் கடைக்காரர்.

சரக்கை எண்ணக் கற்றுக்கொடுத்த ஊர் அங்கிருந்து வடக்கே அரை மணி நேரம்.

டிராய், ஒஹாயோ

கிரேட் மயாமி ஆற்றங்கரையில் அமைதியான ஊர். நடுவில் நீதிமன்றக் கட்டடத்தின் குவிமாடம், சுற்றிலும் செங்கல் கடைகள், மக்காச்சோளம் அறுத்து முடித்த வயல்களின் வாசனை. ஜூனில் வந்திருந்தால் ஸ்ட்ராபெர்ரித் திருவிழா பார்த்திருக்கலாம், ஸ்ட்ராபெர்ரி டோனட் தின்றிருக்கலாம் என்றார் பேக்கரிக்கார அம்மா. பார்கோடு பற்றிக் கேட்டதும், "ஓ, அந்தச் சூயிங்கம்மா?" என்று சிரித்தார்.

அதேதான். 1974 ஜூன் 26, காலை 8.01. மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டின் டிராய் கிளையில் ஷரன் புக்கானன் என்ற காசாளர், ரிக்லி நிறுவனத்தின் ஜூசி ஃப்ரூட் சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேனர் மேல் இழுத்தார். விலை 67 சென்ட். வாங்கியவர் கிளைட் டாசன். மார்ஷ் நிறுவனத்திலேயே ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்தவர். முந்தின ராத்திரி ஊழியர்கள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பொருள்களில் கோட்டுச் சீட்டு ஒட்ட, என்சிஆர் ஆட்கள் இயந்திரத்தை மாட்டினார்கள். இத்தனைக்கு நடுவில் சூயிங்கம்மை எடுத்ததற்குக் காரணம் இருந்தது: அவ்வளவு சின்ன உறையில் கோடுகளை அச்சடிக்க முடியுமா என்ற சந்தேகத்தைத் தீர்க்கத்தான்.

கோடுகளின் கதை அதற்குப் பல வருஷம் முந்தையது. 1940களின் கடைசியில் நார்மன் ஜோசஃப் உட்லண்ட் ஃபுளோரிடாவின் மயாமி கடற்கரை மணலில் விரல்களை ஊன்றி இழுத்தபோது, மோர்ஸ் புள்ளியும் கோடும் கீழ்நோக்கி நீண்டதைக் கண்டார். நண்பர் பெர்னார்ட் சில்வரோடு சேர்ந்து 1952இல் காப்புரிமை வாங்கினார். படிப்பதற்கு லேசரும் மலிவான கம்ப்யூட்டரும் வர இருபது வருஷம் ஆயிற்று.

வந்ததும் கடைகள் கொழித்துவிடவில்லை. ஸ்கேனர் விலை அதிகம், ஆரம்பத்தில் கோடு அச்சடித்த பொருள்களோ குறைவு. ஒவ்வொரு பொருளிலும் விலை ஒட்டாவிட்டால் ஏமாற்றிவிடுவார்கள் என்று வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். மிச்சிகன் மாநிலம் 1976இல் அதற்கென்றே சட்டம் போட்டு, 2011 வரை வைத்திருந்தது. பொருளாதார ஆய்வாளர் எமெக் பாஸ்கர் பிற்பாடு கணக்கிட்டுப் பார்த்ததில், ஸ்கேனர் வந்த கடையில் முதல் சில வருஷங்களில் உழைப்பின் பலன் சராசரியாக 4.5 சதவீதம் கூடியிருந்தது. புரட்சி என்று கூவுகிற அளவுக்கு இது பெரிய எண் இல்லை. ஆனால் ரூபாய்க்கு இரண்டு மூன்று பைசா நிற்கும் மளிகைத் தொழிலில் இதைச் சின்னது என்று தள்ளவும் முடியாது.

டிராயில் மார்ஷ் கடையைத் தேடிப் பயனில்லை. இன்றைய பார்கோடை உலகத்திலேயே முதலில் ஸ்கேன் செய்த நிறுவனம் 2017இல் திவாலாகிவிட்டது. 2006இல் முதலீட்டு நிறுவனம் ஒன்று அதை வாங்கியிருந்தது. சுற்றிலும் வால்மார்ட், க்ரோகர், மையர் கடைகள் முளைத்திருந்தன. கடைசியில் மிஞ்சிய கடைகளில் சிலவற்றை க்ரோகரே வாங்கிக்கொண்டது. கோட்டைப் படிக்கும் இயந்திரம் எல்லோருக்கும் கிடைத்துவிட்ட பிறகு, முதலில் வாங்கினோம் என்பதற்கு மதிப்பில்லாமல் போயிற்று.

சின்சினாட்டி

தெற்கே போகிற வழியில் மன்ரோ என்ற ஊர் வருகிறது. க்ரோகர் 2021இல் பிரிட்டனின் ஒகாடோ நிறுவனத்தோடு சேர்ந்து முதல் ரோபோக் கிடங்கைத் திறந்த இடம். உள்ளே நம்மைப் போன்றவர்களை விடமாட்டார்கள். கட்டம் போட்ட தளத்தின் மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டி வடிவ ரோபோக்கள் ஓடி, கீழே அடுக்கிய கூடைகளை மேலே இழுத்துக் கொடுக்கும். ஆன்லைன் ஆர்டர்கள் மட்டும்தான். பில் போடும் கவுன்டரே இல்லை என்பதால் தயிர்க் கிண்ணத் தகராறு கிடையாது. எந்தக் கூடையில் எத்தனை, எந்தத் தேதிக்குள் விற்கவேண்டும் எல்லாம் விரல் நுனியில்.

இருந்தும், இவர்கள் ஊர் திரும்பிய சில வாரங்களில், 2025 நவம்பரில், இதே மாதிரி மூன்று கிடங்குகளை மூடப்போவதாகவும் 260 கோடி டாலர் அளவுக்குக் கணக்கில் அடி விழும் என்றும் க்ரோகர் அறிவித்தது. கிடங்கின் செலவைத் தாங்கும் அளவுக்கு ஆர்டர் வரவேண்டும், வீடுகள் நெருக்கமாக இருக்கவேண்டும். இருப்புக் கணக்கு துல்லியமாக இருந்தால் மட்டும் லாபம் வந்துவிடாது என்பதை விருதுநகரில் எந்தக் குமாஸ்தாவைக் கேட்டாலும் சொல்வார்.

சின்சினாட்டியில் சாப்பாடு ஒரு விசித்திரம். நூடுல்ஸ் போன்ற ஸ்பகெட்டியின் மேல் கொத்துக்கறிக் குழம்பு, அதன் மேல் மலையாகத் துருவிய சீஸ். பெயர் சில்லி. காரம் இல்லை, பட்டை வாசம் தூக்கலாக இருந்தது. மகள் முகம் சுளித்தாள், அப்பா தட்டைக் காலி செய்தார். "பட்டையை வறுத்துப் பொடிச்சிருக்கான். நம்ம சரக்குதான்."

1855இல் இருந்து நடக்கும் ஃபிண்ட்லே சந்தையில் அவர் சொந்த ஊரில் இருப்பவரைப்போல் உலாவினார். கறிக்கடைக்காரர் சாக்பீஸில் விலை எழுதியிருந்தார். ஒரு வகைத் தொத்திறைச்சி தீர்ந்துவிட்டதும் பலகையில் அந்த வரியை உள்ளங்கையால் துடைத்தார், அவ்வளவுதான் இன்வென்டரி. கண்ணாடிப் பெட்டிக்குள் எத்தனை கிலோ இருக்கிறது என்று கேட்டதற்கு, திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். ஒரே ஆள், ஒரே கவுன்டர் என்றால் மண்டையே போதும். சுமார் 30,000 வகைப் பொருள்கள் கொண்ட சூப்பர் மார்க்கெட்டுக்குப் போதாது.

இந்த ஊர்க் கடையில்தான் மார்ஷுக்கு இரண்டு வருஷம் முன்பு, 1972 ஜூலையில், க்ரோகர் வேறொரு பார்கோடைச் சோதித்தது. கென்வுட் பகுதியில் இருந்த கடை. ஆர்சிஏ நிறுவனம் வடிவமைத்தது வட்டத்துக்குள் வட்டம். எந்தத் திசையில் காட்டினாலும் படிக்கும் என்பது அதன் பெருமை. அச்சில் மை கொஞ்சம் இழுபட்டால் வட்டம் கெட்டுவிடும் என்பது அதன் தலைவிதி. நேர்கோடாக இருந்தால் மை இழுபடும் திசையில் கோடு நீளுமே தவிர அகலாது. ஐபிஎம்மின் ஜார்ஜ் லாரர் அதைப் பிடித்துக்கொண்டார். 1973 ஏப்ரலில் மளிகைத் துறையின் தேர்வுக் குழு நேர்கோட்டுக்கே மாலை போட்டது.

ஆனால் சின்சினாட்டியை இந்தப் பயணத்தில் சேர்க்க முக்கியக் காரணம் 1837இல் இங்கே தொடங்கிய மெழுகுவர்த்தி, சோப்பு வியாபாரம்: ப்ராக்டர் அண்ட் கேம்பிள். 1987இல் அதன் விற்பனைத் துணைத் தலைவர் லூ ப்ரிட்செட், ஆர்கன்சாவில் ஸ்பிரிங் ஆற்றில் வால்மார்ட்டை நிறுவிய சாம் வால்டனோடு படகு வலித்துக்கொண்டே பேசினார். அதுவரை இரண்டு நிறுவனங்களும் விலைக்காக மல்லுக்கட்டிய வெறும் வாங்குபவர், விற்பவர். அந்தப் பேச்சுக்குப் பிறகு வால்மார்ட் தன் கடைகளின் விற்பனை விவரத்தை ப்ராக்டருக்குத் திறந்துவிட்டது. பாம்பர்ஸ் டயப்பர் எந்தக் கடையில் எவ்வளவு போயிற்று என்று பார்த்து, ஆர்டருக்குக் காத்திராமல் கம்பெனியே சரக்கு அனுப்பத் தொடங்கியது.

கடைக்காரர் இதை நம்பவே இல்லை. "நம்ம விற்பனைக் கணக்கை ஏஜென்சிக்காரன் கையில குடுக்கிறதா? அடுத்த வாரமே ஸ்கீமைக் குறைச்சிடுவானே!"

"பெரிய கடைன்னா குறைக்கமுடியாது மாமா," என்றார் மாப்பிள்ளை. அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவோ அடக்கம்.

மெம்பிஸ், டென்னசி

கென்டக்கியின் குதிரைப் பண்ணைகள், நாஷ்வில்லின் போக்குவரத்து எல்லாம் தாண்டி மெம்பிஸ் வரும்போது இருட்டிவிட்டது. ஒரு சந்துக்குள் இறங்கி, 1948இல் சார்லி வெர்கோஸ் தொடங்கிய ரான்டெவு உணவகத்தில் பன்றி விலா எலும்பு. சாஸ் இல்லாமல் உலர்ந்த மசாலாப் பொடி தூவித் தருவது அங்கே வழக்கம். மிளகாய் வத்தல் வியாபாரத்தில் பிறந்து வளர்ந்தவர் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்து, நிறத்துக்கு மட்டும் போட்ட மிளகாய் என்று தீர்ப்புச் சொன்னார். பரிமாறியவர் பக்கத்தில் வந்து நின்று, வேறு என்ன தெரிகிறது என்று கேட்டார். கடுகு என்றார் இவர். பரிமாறியவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

காலையில் பிங்க் பேலஸ். ஜார்ஜியாவின் இளஞ்சிவப்புப் பளிங்கில் கட்டிய மாளிகை, இப்போது அருங்காட்சியகம். கட்டியவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ், குடிபுகும் முன்பே சொத்தை இழந்தவர். உள்ளே அவருடைய பிக்லி விக்லி கடையை மாதிரியாக அமைத்திருக்கிறார்கள். 1916 செப்டம்பர் 6 அன்று ஜெஃபர்சன் அவென்யூவில் திறந்த அசல் கடைதான் வாடிக்கையாளர் தானே எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. சுழல்கதவு வழியாக நுழைந்து, வளைந்து போகும் ஒரே பாதையில் எல்லா அலமாரியையும் கடந்து, கடைசியில் காசு கொடுத்து வெளியேறவேண்டும்.

கடைக்காரர் அந்தப் பாதையில் இரண்டு முறை நடந்தார்.

அப்பா கடையில் பலகைக்கு அந்தப் பக்கம் ஆட்கள், இந்தப் பக்கம் ஜனம். கால் கிலோ உளுந்து என்று கேட்டால் அந்தப் பக்கத்து ஆள்தான் எடுப்பார். எடுக்கும்போதே சாக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவர் கண் பார்த்துவிடும். சுயசேவை வந்ததும் ஆள் செலவு குறைந்தது, விற்பனை ஏறியது, ஆனால் அந்தக் கண் போயிற்று. பொருள் சத்தமில்லாமல் ரேக்கை விட்டு இறங்கியது. சாயங்காலம் கல்லாவில் மொத்தப் பணம் தெரியும், எது விற்றது என்று தெரியாது. டிராயில் 1974இல் நடந்தது என்ன என்பது மெம்பிஸில் நின்று பார்த்தால்தான் பிடிபடுகிறது. சாண்டர்ஸ் கடைக்காரனிடமிருந்து பிடுங்கிய அறிவை ஸ்கேனர் ஐம்பத்தெட்டு வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தது, அதுவும் ஓரளவுக்கு.

சாண்டர்ஸுக்கே அந்தக் குறை உறுத்தியிருக்கவேண்டும். பங்குச் சந்தைச் சூதாட்டத்தில் பிக்லி விக்லியைத் தோற்ற பிறகு, 1937இல் இதே மெம்பிஸில் கீடூசில் என்று முழுத் தானியங்கிக் கடை ஒன்றைத் திறந்தார். கண்ணாடிக்குள் மாதிரி மட்டும் இருக்கும். ஒரு சாவியைத் துளையில் நுழைத்தால் பின்னாலிருந்து பெல்ட்டில் சரக்கு வரும், பில்லும் தானாக ஏறும். கூட்டம் சேர்ந்தால் சர்க்யூட் திணறியது, ஒருவர் சரக்கு இன்னொருவருக்குப் போனது. 1949க்குள் அந்தக் கதை முடிந்தது. மன்ரோ ரோபோக்களுக்கு இவர் பாட்டனார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

மிசிசிப்பிக்கு மேற்கே

பாலம் தாண்டியதும் ஆர்கன்சா. கண்ணுக்கு எட்டிய வரை தட்டை. கடைக்காரர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெல்லு!"

அமெரிக்க அரிசியில் ஏறத்தாழப் பாதி இந்த மாநிலத்தில் விளைகிறது. அறுவடை முடியும் தறுவாய். அறுத்த தாளடிகளுக்கு நடுவே வரப்புகள் நேராக ஓடாமல் நிலத்தின் மேடுபள்ளத்தை ஒட்டிப் பாம்பாய் நெளிந்தன. வயலில் ஓர் ஆள் இல்லை. வீடு அளவுக்கு ஒரு அறுவடை இயந்திரம், தூரத்தில் உலோகக் குதிர்கள், அவ்வளவுதான். பெட்ரோல் பங்க்கை ஒட்டிய உணவகத்தில் பொரித்த கெளுத்தி மீன் கிடைத்தது. கூடவே சோறு இல்லை, சோளமாவு உருண்டை. நெல் வயலுக்கு நடுவில் உட்கார்ந்து சோறு கேட்டு இல்லை என்று சொல்லக் கேட்டதை அவர் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஓசார்க் மலைகள் தொடங்கி, ஃபேயட்வில் வந்தது. இங்கே ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும். 2003இல் வால்மார்ட் தன் முதல் 100 சப்ளையர்களிடம், 2005 ஜனவரிக்குள் அட்டைப்பெட்டிகளில் ஆர்எஃப்ஐடி சில்லு ஒட்டச் சொன்னது. பார்கோடைக் கண்ணில் காட்டவேண்டும்; சில்லு ரேடியோ அலையில் பேசும், காட்டவேண்டியதில்லை. பில் ஹார்ட்கிரேவ் தலைமையில் பல்கலைக்கழகம் அளந்து பார்த்ததில், சில்லு வந்த கடைகளில் ரேக் காலியாகக் கிடப்பது 16 சதவீதம் குறைந்திருந்தது. பெட்டி குடோனில் இருக்கிறதா, கடைக்குள் போய்விட்டதா என்று தெரிந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆனாலும் சப்ளையர்கள் முனகினார்கள். சில்லின் செலவு தங்கள் தலையில், ஆதாயம் கடையின் பையில் என்றார்கள். தண்ணீரும் தகரமும் ரேடியோ அலைக்கு ஆகாது. சூப்பர் மார்க்கெட்டில் பாதிச் சரக்கு தண்ணீரும் தகரமும்தான். உணவுப் பொருள் பக்கம் அது அப்போது படுத்துவிட்டது. துணிக்கடைகள் எடுத்துக்கொண்டன.

பென்டன்வில்

சதுக்கத்தில் சின்னக் கடை, சிவப்பு வெள்ளை பந்தல் துணி. 1950இல் சாம் வால்டன் வாங்கிய இடம், இப்போது அருங்காட்சியகம். வேட்டை நாய்களை ஏற்றிக்கொண்டு அவர் ஓட்டிய 1979 ஃபோர்டு பிக்கப் வண்டி அந்த அருங்காட்சியகத்தின் செல்லப் பொருள். பக்கத்து ஊரான ராஜர்ஸில் 1962இல் முதல் வால்மார்ட். இன்று ஊருக்குள் 350 ஏக்கரில் புதிய தலைமையகம், காட்டுக்குள் சைக்கிள் பாதை, வால்டனின் மகள் கட்டிய கட்டணமில்லாத கலைக்கூடம். ப்ராக்டர் தொடங்கி சகல கம்பெனிகளும் இந்தப் பகுதியில் அலுவலகம் போட்டிருக்கின்றன. விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்துப் பருப்பு விலை பேசுகிற தமிழ்நாட்டு வியாபாரிக்கு, ஒரு சின்ன ஊர் இப்படி ஊரையெல்லாம் தன் பக்கம் இழுப்பது அதிசயமாகப் படவில்லை.

வால்மார்ட் 1987இல் தன் கடைகளை இணைக்கச் சொந்தமாகச் செயற்கைக்கோள் தொடர்பு வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் அப்போது தனியாரிடம் இருந்தவற்றில் அதுவே பெரியது. 1991இல் வந்த ரீடெய்ல் லிங்க் மூலம் சப்ளையர்கள் தங்கள் பொருள் எந்தக் கடையில் எவ்வளவு போகிறது என்று பார்க்க முடிந்தது. 2004இல் ஃபிரான்சஸ் புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, சில வாரம் முன்பு சார்லி புயலில் என்ன விற்றது என்று கம்ப்யூட்டரைக் குடைந்தார்கள். ஸ்ட்ராபெர்ரி பாப் டார்ட் என்ற தின்பண்டம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு போயிருந்தது. புயலுக்கு முன்னால் அதிகம் விற்ற சரக்கு பீர். லாரிகள் புயலுக்கு முந்திக்கொண்டு போயின. நம் ஊரில் மெழுகுவர்த்தி, பிரெட், பால் என்று எந்தக் கடைப் பையனும் சொல்வான். ஸ்ட்ராபெர்ரி என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வெற்றிக் கதைகளுக்கு நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. ரேக்குகளுக்கு இடையே உருண்டு போய்ப் படமெடுத்து, எது தீர்ந்தது என்று சொல்லும் ஆளுயர ரோபோக்களை வால்மார்ட் சுமார் 500 கடைகளில் விட்டது. 2020 நவம்பரில் நிறுத்திவிட்டது. கொரோனா காலத்தில் ஆன்லைன் ஆர்டருக்காகச் சாமான் பொறுக்கும் ஊழியர்கள் நாள் முழுக்க அதே ரேக்குகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார்கள். ரோபோ பார்ப்பதை அவர்களே பார்த்தார்கள்.

ஊருக்கு வெளியே பெரிய கடை ஒன்றில் இந்தக் காலத்து வடிவத்தைப் பார்க்க முடிந்தது. காகித விலைச்சீட்டுக்குப் பதில் சின்னத் திரைகள். ஓர் ஊழியர் கையில் இருந்த போனைத் தட்ட, நாலு தட்டு தள்ளி ஒரு திரையின் மூலையில் விளக்கு மினுங்கியது. கையில் இருக்கும் பெட்டியை அங்கே அடுக்கவேண்டும் என்று பொருள். 2026க்குள் 2,300 கடைகளில் இதை வைப்பதாக வால்மார்ட் 2024இல் அறிவித்தது. ஊழியர் இரண்டு நாள் நடந்து மாற்றும் விலைகள் சில நிமிடத்தில் மாறிவிடுமாம். இப்படி மாறுமானால் கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றவும் முடியுமே என்று அதே வருஷம் எலிசபெத் வாரன், பாப் கேசி என்ற செனட்டர்கள் க்ரோகருக்குக் கடிதம் எழுதினார்கள். அப்படிச் செய்யவில்லை என்றது க்ரோகர். "எங்க கடைல காலைல ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை போட்டா தெருவே பேசும்," என்றார் நம்மவர். தெரு பேசாத ஊர்களில் இதைக் கவனிக்கத்தான் சட்டம் வேண்டியிருக்கிறது.

கண்ணில் படாத ஒரு கணக்கும் இங்கே பொருந்தும். 2002இல் உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, கேட்கும் பொருள் ரேக்கில் இல்லாமல் போவது சராசரியாக 8.3 சதவீதம். அதில் 72 சதவீதத்துக்குக் காரணம் லாரியோ கம்பெனியோ அல்ல. கடைக்குள் ஆர்டர் போடுவதிலும் அடுக்குவதிலும் நடந்த கோளாறு. சில நேரம் குடோனில் சரக்கு இருக்கும், ரேக்குக்கு வந்திருக்காது. மினுங்கும் விளக்கு குறிவைப்பது அந்தக் கடைசி இருபது அடி தூரத்தைத்தான்.

ராத்திரி மாப்பிள்ளையின் நண்பர் வீட்டில் சாப்பாடு. வால்மார்ட்டின் மென்பொருள் வேலை பெங்களூரிலும் சென்னையிலும் நடக்கிறது; அந்த வழியில் இங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், ஆர்கன்சா அரிசியில் சோறு. நண்பர் உற்சாகமாகச் சொன்னார்: கறி, பேக்கரி மாதிரி ஈரப்பதமும் குளிரும் உள்ள இடங்களிலும் வேலை செய்யும் சில்லு வந்துவிட்டது, வால்மார்ட் அந்த மாதம்தான் அறிவித்திருந்தது. 2027 முடிவுக்குள் உலகமெங்கும் கவுன்டர்கள் கட்டம் போட்ட புதிய கோடுகளைப் படிக்கத் தயாராகவேண்டும். அதற்குள் எக்ஸ்பைரி தேதியே இருக்கும், தேதி தாண்டிய பாக்கெட்டுக்குக் கவுன்டர் பில் போடாது.

"எல்லாம் பாக்கெட்டுக்குச் சரி தம்பி," என்றார் கடைக்காரர். "சாக்குல வர்ற பருப்புக்கு?"

"எடைபோட்டு லேபிள் அடிக்கும்போது எடையோ விலையோ பார்கோடுக்குள்ளயே ஏறிடும் அங்கிள். 2ல ஆரம்பிக்கிற நம்பர் அதுக்குத்தான்."

"பிரிக்கிறப்ப சிந்துறது?"

"சேதாரம்னு ஒரு சதவீதம் கழிச்சிடுவோம்."

"ஐப்பசி, கார்த்திகைல துவரம்பருப்பு ஈரம் இழுக்கும். சாக்கு எடை கூடும். கழிக்கிற இடத்துல கூட்டுறதுக்கு உங்க சிஸ்டத்துல கட்டம் இருக்கா?"

மகளும் மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார்கள். நண்பர் சிரிக்கவில்லை. நூறு கிலோ சாக்குக்கு எவ்வளவு கூடும், குடோன் சிமென்ட் தரையா, கீழே கட்டை போட்டிருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் சோற்றுக் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, இடது கை விரல்களை மடக்கிக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார்.